சமுத்திரத்தின் சரியான அளவு: ஒரு பூர்வாங்க ஆய்வு

பூமிப் பரப்பில் ஏறத்தாழ 71 விழுக்காட்டை மூடிக் கிடக்கும் உப்புநீரே சமுத்திரம் என்று பள்ளிப் புத்தகங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. எழுதியவர்கள் நெல்லைச் சீமையில் பேருந்து ஏறியவர்களாகத் தெரியவில்லை. அம்பாசமுத்திரம், கோபாலசமுத்திரம், ரவணசமுத்திரம் என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கின்றன. எதிலும் கப்பலைக் காணோம். மேற்கே மலைதான் தெரிகிறது. அலை பார்க்க ஆசைப்பட்டால் அங்குள்ளவர்களும் திருச்செந்தூருக்குத்தான் போகிறார்கள்.

ஏரி வெட்டியவர்கள் அதைப் பெருமையாகச் சமுத்திரம் என்றார்கள், ஏரியின் பெயர் ஊருக்கும் ஒட்டிக்கொண்டது என்பது ரா.பி. சேதுப்பிள்ளை முதலான அறிஞர்களின் விளக்கம். அடக்கமானவர்கள், அதோடு நிறுத்திக்கொண்டார்கள். நாம் நிறுத்தப்போவதில்லை. சமுத்திரம் என்றாலே முதலில் ஏரிதான். பசிபிக், அட்லாண்டிக் முதலியவை பிற்பாடு அந்தப் பெயரை இரவல் வாங்கியவை என்பதே இவ்வாய்வின் துணிபு.

உப்பில்லையே என்பார்கள். புராணம் கூறும் ஏழு கடல்களை எடுத்துக்கொள்வோம்: உப்பு, கரும்புச்சாறு, கள், நெய், தயிர், பால், நன்னீர். ஏழில் ஒன்றே ஒன்றுதான் கரிக்கிறது. ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் உப்பு டெபாசிட் இழக்கிறது. ஏரிக்கோ நன்னீர்த் தொகுதியில் இடம் உறுதி.

அடுத்த ஆட்சேபம் அளவு பற்றியது. இங்கேதான் காவிரி கைகொடுக்கிறது. கர்நாடகத்திலுள்ள கிருஷ்ணராஜ சாகரம் பெயரளவில் கடல். அதன் முழு மட்டம் 124.80 அடி, இன்றைக்கு எத்தனை அடி என்று ஜூன் மாதத்தில் நாளிதழைப் புரட்டிப் பார்க்காத தஞ்சை விவசாயி இல்லை. கொள்ளளவு சுமார் 49 டிஎம்சி. மேட்டூருக்கோ 93 டிஎம்சிக்கும் மேல். இருந்தும் அது வெறும் அணை, அரசுத் தாளில் ஸ்டான்லி நீர்த்தேக்கம். பாதியளவு உள்ளது கடலாகவும் இருமடங்கு உள்ளது தேக்கமாகவும் இருக்கக் காண்கிறோம். ஆகவே சமுத்திரத்துக்கும் அளவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. (மேட்டூர்க்காரர்கள் இதை இத்தனை காலம் எப்படிப் பொறுத்தார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.)

எண்ணிக்கையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. புராணத்தில் ஏழு, இக்காலப் பூகோளத்தில் ஐந்து, பழைய வானியல் நூல்கள் எண்களுக்குப் பதிலாக வழங்கிய குறிச்சொற்களில் கடல் என்றால் நான்கு. அவர்களுக்குள்ளேயே ஒத்துவரவில்லை.

கடல்நீரில் நெல் விளையுமா என்று கேட்பவர்களுக்கு அம்பாசமுத்திரத்து நெல் ஆராய்ச்சி நிலையம் அம்பை 16 ரகத்தைத் தந்து வாயடைத்துவிட்டது. ஆனால் அந்தப் பெயரே புதிய சிக்கலையும் கிளப்புகிறது. ஊர்க்காரர்கள் அம்பையை மட்டும் வைத்துக்கொண்டு சமுத்திரத்தைக் கைவிட்டுவிட்டார்கள். பேருந்துப் பலகையிலும் அது இல்லை. அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு எங்கே போயிற்று என்று நடத்துநரிடம் களஆய்வு மேற்கொள்ளப்பட்டது.

“அண்ணாச்சி, ஏறுதியளா இல்லையா? பின்னால வண்டி நிக்கி.”

இக்கூற்று ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று தள்ளப்பட்டது. வண்டியும் போய்விட்டது.