சாட்டு இல்லாத சபைக்கு ஒரு மனு

அனுப்புவோர்: வாசிகசாலை வாங்கில் இருந்து பேப்பர் பார்ப்போர், யாழ்ப்பாண மாவட்டம்.
பெறுநர்: இலங்கைப் பாராளுமன்றம், தியவன்னா ஓயா, ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே.
2024 மார்கழி, கடைசி வாரம்.

மாண்புமிகு பாராளுமன்றத்துக்கு,

தேர்தல் முடிந்த கையோடு எழுதியிருக்க வேண்டிய வாழ்த்து இது. நவம்பர் கடைசியில் எங்கள் பக்கம் வெள்ளம் வந்ததால் பிந்திவிட்டது. தாங்கள் ஏரி நடுவே இருந்து பழகியவர், தண்ணீரின் சிரமம் தங்களுக்குத் தெரியும்.

நவம்பர் 14ஆம் திகதி நாங்கள் போட்ட புள்ளடிகளின் பலனாக, ஒரே கட்சியிலிருந்து 159 பேர் தங்கள் செப்புக் கூரையின் கீழ் வந்து சேர்ந்திருக்கிறார்கள். 2020இல் இதே தேசிய மக்கள் சக்தி தங்களிடம் வந்தபோது மூன்று பேர். அந்தத் தேர்தலில் 145 பேரோடு வந்த பொதுஜன பெரமுன இப்போது மூன்று பேர். ஆகவே அந்த மூன்று கதிரைகளையும் கவனமாகத் துடைத்து வைக்குமாறு முதற்கண் கேட்டுக்கொள்கிறோம். அதில் இருப்பவர்கள் அடுத்த முறை எங்கே போய் நிற்பார்கள் என்று சாத்திரியாராலும் சொல்ல முடியாது. மூன்றுகூட வேண்டாம், ஒன்று போதும் என்பதையும் தாங்களே காட்டியிருக்கிறீர்கள். 2022 ஜூலையில் இன்னொரு கட்சிக்கு மிஞ்சியிருந்த ஒரேயொரு தேசியப் பட்டியல் கதிரையில் இருந்தவரை 134 வாக்குகளால் ஜனாதிபதி ஆக்கியவர் தாங்கள்தான். மக்கள் கொடுத்தது ஒரு கதிரை. தாங்கள் கொடுத்தது நாடு.

வாழ்த்து இவ்வளவே. இனி மனு.

தங்களுக்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மை புதிதல்ல. 1970இல் பெற்றவர்கள் புது அரசியலமைப்பு எழுதினார்கள். எழுதிய கையோடு தங்கள் ஆயுளையும் இரண்டு வருடம் நீட்டிக்கொண்டார்கள். 1977இல் ஜே.ஆர். ஜயவர்தனவுக்கு 168இல் 140. அது சரியாக ஆறில் ஐந்து. எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள், அவரும் மறுக்கவில்லை. தன்னுடைய ஆட்களிடமே திகதி போடாத இராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். 1982இல் தேர்தல் என்ற தொல்லையே வேண்டாமென்று சர்வசன வாக்கெடுப்பு வைத்தார். ஆயுளை நீட்ட விளக்குச் சின்னம், வேண்டாமென்றால் குடம். எங்கள் மாவட்டம் குடத்தைத்தான் தூக்கியது. விளக்கு வென்றது. ஆறு வருடத்துக்கென்று வந்தவர்கள் பதினொரு வருடத்துக்கு மேல் இருந்துவிட்டுப் போனார்கள். அதற்கிடையில் 1983இல் ஆறாம் திருத்தம் வந்து, எங்கள் ஆட்களின் கதிரைகள் வெறுமையாயின.

தான் அனுபவித்த பாக்கியம் இன்னொருவருக்கு வாய்க்கக் கூடாதென்றோ என்னவோ, அவர் விகிதாசார முறையையும் கொண்டுவந்தார். அதன் கீழ் எவருமே தனித்து மூன்றில் இரண்டு எடுக்க மாட்டார்கள் என்று படித்தவர்கள் சொன்னார்கள். 2010இல் 144, மிச்சம் எதிர்வரிசையிலிருந்து நடந்து வந்தது. அதைக் கொண்டு ஜனாதிபதி இரண்டு தடவைதான் இருக்கலாம் என்ற வரம்பை நீக்கினார்கள். 2015இல் வரம்பு திரும்பி வந்தது, ஜனாதிபதியின் அதிகாரமும் குறைந்தது. 2020இல் அதிகாரம் கூடியது. 2022இல் மறுபடி குறைந்தது. இவை எதற்கும் ஆள் காணாமல் போகவில்லை. தேவைப்பட்ட இரவுகளில் மூன்றில் இரண்டு எப்படியோ கூடிவிடுகிறது.

எங்கள் விடயம் வந்தால் மட்டும் கூடாது. “செய்யத்தான் விருப்பம், பெரும்பான்மை போதாது” என்பார்கள். இந்தச் சாட்டைக் கேட்டுக்கேட்டே எங்கள் வாசிகசாலை வாங்கின் கால் ஒருபக்கம் சரிந்துவிட்டது. ஆகையால் இம்முறை அந்தச் சாட்டைப் பறிப்பதென்று பொதுமக்கள் தீர்மானித்தார்கள். நாட்டின் 22 தேர்தல் மாவட்டங்களில் 21 தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்கு. மட்டக்களப்பு மட்டும் தமிழரசுக் கட்சியின் வீட்டுக்கு. (மட்டக்களப்பாரின் ஞாபகசக்தி பற்றி எங்கள் வாங்கில் இரு கருத்து உண்டு, இங்கே வேண்டாம்.)

யாழ்ப்பாணத்தார் எப்படிப் போட்டோம் என்பதில் கொழும்புப் பத்திரிகைகள் மிகவும் நெகிழ்ந்துபோயின. தேசிய ஒற்றுமை மலர்ந்துவிட்டதாம். மாண்புமிகு சபை அப்படி நெகிழ வேண்டாம் என்பதற்காக ஒரு சிறு கணக்கு. செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் எங்கள் மாவட்டத்தில் அனுர குமார திசாநாயக்கவுக்குக் கிடைத்தது 27 ஆயிரம் வாக்குகள். எட்டுக் கிழமை கழியமுன் அவரது கட்சிக்கு 80 ஆயிரத்துச் சொச்சம். முன்னேற்றம்தான். ஆனால் அது செல்லுபடியான வாக்குகளில் நாலில் ஒன்று. அதற்கு ஆறு கதிரைகளில் மூன்று. மற்ற முக்கால்வாசிப் பேரும், தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போகலாம் போன்ற சால்வை நீள வாக்குச்சீட்டில் ஆளுக்கொரு மூலையில் புள்ளடி போட்டோம். எங்கள் கட்சித் தலைவர்கள் வருட ஆரம்பத்திலேயே தலைமைப் பதவிக்காக நீதிமன்றம் ஏறிவிட்டதால், அவர்களைத் தேர்தல் நேரத்தில் தொந்தரவு செய்ய எங்களுக்கு மனம் வரவில்லை.

பேப்பர் வந்த அன்று எங்கள் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

“இவை ஆர் எண்டு உங்களுக்குத் தெரியுமே? 87இல இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை எதிர்த்தவை. 2006இல வழக்குப் போட்டு வடக்கையும் கிழக்கையும் பிரிச்சவை. வழக்குப் போட்டவைக்கே வாக்குப் போட்டிருக்கிறியள்.”

“மாஸ்டர், 2006 தை மாசம்தான் நான் பிறந்தனான்” என்றான் முதல்முறை வாக்குப் போட்ட பெடியன்.

“அப்ப உனக்கு ஆர் சொல்லித் தாறது?”

“நீங்கள் சொன்ன ஆக்களுக்கு அம்மா முப்பது வரியமாப் போட்டவ. எங்கட காணிக்குள்ள இன்னும் ஆமிதான் நிக்குது. ஒருக்கா மாத்திப் போட்டுப் பாப்பம் எண்டு அவதான் சொன்னவ.”

மாஸ்டர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு விளையாட்டுப் பக்கத்துக்குப் போய்விட்டார். தங்களுடைய 159இல் எங்கள் பங்கு இந்த அளவு நெகிழ்ச்சியோடுதான் வந்தது.

வீதி திறந்தது உண்மை. அதை மறைத்தால் பாவம். பலாலிப் பக்கம் 1990 முதல் மூடியிருந்த ஒரு வீதி நவம்பர் முதலாம் திகதி திறந்தது. முப்பத்துநாலு வருடமாகத் திறக்க முடியாமல் இருந்த கதவு வாக்களிப்புக்கு இரண்டு கிழமை இருக்கும்போது திறந்துகொண்டதை நாங்கள் தற்செயல் என்றே ஏற்றுக்கொள்கிறோம். எங்கள் வேண்டுகோள், இவ்வாறான தற்செயல்கள் தேர்தல் இல்லாத மாதங்களிலும் நிகழ வேண்டும் என்பதே.

முதல் நாள் அமர்வில் எங்கள் மாவட்டத்துப் புது உறுப்பினர் ஒருவர் எதிர்க்கட்சித் தலைவரின் கதிரையில் போய் இருந்துகொண்டது தங்களுக்கு மனவருத்தம் தந்ததாக அறிகிறோம். இதைப் பெரிதுபடுத்த வேண்டாம். அந்தக் கதிரை எங்களுக்குப் பழக்கம். 1977இல் அமிர்தலிங்கம் இருந்தார், 2015இல் சம்பந்தன் இருந்தார். இருந்து என்ன கிடைத்தது என்று பார்த்தபின், அதற்காகப் பதினெட்டுப் பேரையும் பதினாறு பேரையும் தெரிவு செய்து அனுப்பும் சிரமம் எதற்கு, ஒருவரே போய் இருந்துவிட்டு வரலாமே என்று அவர் நினைத்திருக்கக் கூடும். 2018 நவம்பரில் மிளகாய்த் தூள் கரைத்து ஊற்றியதையே தாங்கி நின்ற மண்டபத்துக்கு இது ஒரு பொருட்டா?

சபாநாயகர் விடயத்தில் அனுதாபம். புதிதாக வந்தவர் கலாநிதிப் பட்டத்தைக் காட்டச் சொன்னதும் மூன்று கிழமையில் இறங்கிப் போனார். முன்பெல்லாம் எவ்வளவு பெரிய கேள்வி கேட்டாலும் எவரும் இறங்கியதில்லை என்பதால், வாங்கில் சிலர் இதையே மாற்றம் என்று கொண்டாடினார்கள். இப்போது ஒரு வைத்தியரை இருத்தியிருக்கிறீர்கள். நல்லது. பட்டத்தைக் கேட்டால் மருந்தாவது எழுதித் தருவார்.

இனிக் கேட்பது. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிகம் என்று சொல்லி வந்தது, 1982இல் நிரந்தரமாக்கினார்கள். இப்போது வந்திருப்பவர்கள் அதை நீக்குவோம் என்று விஞ்ஞாபனத்தில் எழுதியவர்கள். நீக்க மூன்றில் இரண்டு தேவையில்லை. பாதிக்கு மேல் ஒருவர் கையுயர்த்தினால் போதும். நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்பது அடுத்தது. 1994 முதல் வந்தவர்களில் பலர் ஒழிப்பதாகச் சொல்லி, அந்தக் கதிரையில் இருந்து பார்த்து, அதன் சொகுசைக் கண்டு மறந்தவர்கள். அதற்கு 150 பேர் வேண்டும், கையில் 159. ஒன்பது பேருக்குக் காய்ச்சல் வந்தாலும் குறையாது. வெளிநடப்புச் செய்யவும் காரணம் தேட வேண்டியதில்லை.

மாகாண சபை பற்றித் தனியே சொல்ல வேண்டும். வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. எல்லை நிர்ணயம் செய்துவிட்டுத் தேர்தல் என்றீர்கள். நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் தங்கள் முன் வந்தபோது எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றுமில்லை. அறிக்கையைக் கொண்டுவந்த அமைச்சரும் எதிர்த்தே வாக்களித்தார். தங்கள் வரலாற்றில் கட்சி, இன, மத பேதமின்றி எல்லோரும் ஒரே மனதாய் நின்ற அரிய நாள் அது. அன்று தொட்டுத் தேர்தலும் இல்லை, எல்லையும் இல்லை. ஒரு சிறு திருத்தச் சட்டம், ஒரு பிற்பகல் வேலை. மதிய உணவுக்கும் பின்னேரத் தேநீருக்கும் நடுவே முடித்துவிடலாம்.

பதிலைத் தமிழில் அனுப்பவும். 1987இல் தாங்களே செய்த திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. கொழும்புக் கடிதங்களை எங்களுக்கு வாசித்துச் சொல்லும் தபால்காரர் பென்சன் எடுத்துவிட்டார்.

இங்ஙனம்,
வாங்கில் இருப்போர்.

பிரதிகள்:
1. ஜனாதிபதி, கொழும்பு — தகவலுக்காக.
2. வடக்கு மாகாண சபை, கைதடி — தபால்காரருக்கு: உறுப்பினர் எவரும் இல்லை. காவலாளியிடம் கொடுத்து, ஆட்கள் வரும்வரை வைத்திருக்கச் சொல்லவும்.