ரிமோட் அண்ணன்

சேலம் – நாமக்கல் நெடுஞ்சாலையில் புதுச்சத்திரம் பக்கம், சர்வீஸ் ரோட்டு டீக்கடை எதிலாவது காலை ஏழு மணிக்கு ஒதுங்கினால் அவரைப் பார்த்துவிடலாம். வயது நாற்பதைத் தொட்டிருக்கும். கோழித் தீவன ஏஜென்சியோ, குச்சிக்கிழங்கு வியாபாரமோ, யாருடைய லாரியிலோ பாதிப் பங்கோ இருக்கும். சாவிக்கொத்தில் சாவியைவிடப் பெரிதாக ஒரு கறுப்பு ரிமோட் தொங்கும். கிளாஸில் பாதி டீ இருக்கும்போதே ரோட்டோரம் நிற்கும் வெள்ளைக் காரை நோக்கிக் கையை நீட்டுவார். உள்ளே ஒருத்தரும் இல்லாத கார் இரண்டு தரம் கண்ணைச் சிமிட்டி, ஒரு தரம் செருமி, ஸ்டார்ட் ஆகும். அந்த நேரத்தில் அண்ணன் காரைப் பார்க்க மாட்டார். நம் முகத்தைப் பார்ப்பார்.

நாம் ஆச்சரியப்படவில்லை என்றால் விடமாட்டார். காரை நிறுத்திவிட்டு, கடைக்குப் பின்னால் வேப்பமரம் வரை நடந்துபோய், ரிமோட்டைத் தாடைக்குக் கீழே வைத்து அழுத்துவார். மண்டையே ஏரியலாக வேலை செய்து சிக்னல் இன்னும் கொஞ்ச தூரம் போகும் என்பது அவர் கேள்விப்பட்டது. அது உண்மையும்கூட. ஆனால் தாடையில் ரிமோட்டை முட்டுக்கொடுத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நிற்பவரைப் பார்த்து, ‘பாவம், பல்வலி போல’ என்று நினைத்துப் போகிறவர்களும் உண்டு.

இவரைச் சோம்பேறி என்று சொன்னால் அது பழி. கார் நிற்பது பதினைந்து எட்டுத் தள்ளி. அந்தப் பதினைந்து எட்டை மிச்சம் பிடிப்பதற்காக அவர் அலைந்த அலைச்சல் பழனிக்குப் பாதயாத்திரை போனவருக்குக்கூட இருந்திருக்காது. இதன் வேர் வேறு. நாமக்கல்லுக்கு லாரி வரும்போது லாரியாக வருவதில்லை. சேசிஸாக வரும். முன்னால் இன்ஜின், பின்னால் நீளமாக இரண்டு இரும்புச் சட்டம், அவ்வளவுதான். மூஞ்சியில் காற்றடிக்க, டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டி வருவார். கேபின், பாடி, பெயின்ட், முன் நெற்றியில் சாமி பெயர், பின்னால் போகிறவர்களுக்குப் புத்திமதி எல்லாம் இங்கே பட்டறையில் ஏறும். இதைப் பார்த்தே வளர்ந்த ஆள், காரையும் அப்படித்தான் பார்க்கிறார். கம்பெனிக்காரன் பாதிதான் கொடுப்பான், மீதியை நாம்தான் கட்டவேண்டும்.

கட்டினார். வாங்கியது செகண்ட் ஹேண்ட் ஆல்டோ. 796 சிசி, மூன்று சிலிண்டர். முதலில் சீட் கவர், அடுத்து சென்டர் லாக், அடுத்து ரிவர்ஸ் கேமரா. டிக்கியில் காய்கறிப் பைக்கு இருந்த இடத்தை பேஸ் டியூப் பிடித்துக்கொண்டது. லாரி ஹாரன் ஒன்றும் மாட்டினார். சந்தைக்குள் அடித்தபோது ஒரு அம்மிணி கூடையைக் கீழே போட்டுவிட்டுத் திட்டிய திட்டில் மறுநாளே கழற்றினார். கடைசியாக வந்ததுதான் ரிமோட் ஸ்டார்ட்டர்.

மாட்டிய அன்று ஆட்டோ எலக்ட்ரீசியன் கடையில் இரண்டு காலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, எலக்ட்ரீசியன் ஸ்டீயரிங்குக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். இக்னிஷன் சுவிட்சுக்குப் போகும் தடித்த வயர்களை ஒவ்வொன்றாக டெஸ்ட் லேம்ப்பில் தொட்டுப் பார்த்து, இது பேட்டரி, இது இக்னிஷன், இது செல்ஃப் என்று பிரித்தார். தீப்பெட்டி நீளம் தோலைச் சீவி, ரிலே டப்பாவின் வயரை முறுக்கிச் சேர்த்து, பல்லால் டேப்பைக் கடித்துச் சுற்றினார். சாவி திருகும்போது கை செய்யும் வேலையை அந்த ரிலேக்கள் வரிசையாகச் செய்யும். முதலில் இக்னிஷன், பிறகு ஒரு நொடியோ இரண்டு நொடியோ செல்ஃப் மோட்டார், இன்ஜின் பிடித்ததும் செல்ஃப் கட்.

ஆனால் வண்டி பிடிக்கவில்லை. சுற்றியது, பிடிக்கவில்லை. மாருதியில் ஐகேட்ஸ் என்று ஒன்று உண்டு. சாவியின் தலைக்குள் இருக்கும் சின்ன சிப்பை அடையாளம் கண்டால்தான் இன்ஜின் ஓட அனுமதி தரும். திருடனுக்காகச் செய்த ஏற்பாடு.

“ஸ்பேர் சாவி இருக்குதுங்களாண்ணா?”

அண்ணன் ஓடிப்போய் வீட்டில் பீரோவிலிருந்து எடுத்து வந்தார். எலக்ட்ரீசியன் அதைக் கறுப்பு டேப்பில் சுற்றி டேஷ்போர்டுக்குள், சாவித்துவாரத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டார். வண்டி உடனே பிடித்தது. திருடனுக்காகக் கம்பெனி பல வருஷம் யோசித்துச் செய்த பூட்டின் சாவி, அன்றிலிருந்து திருடனுக்கே வாகாக வண்டிக்குள்ளேயே இருந்தது. இதை அண்ணன் யாரிடமும் சொல்வதில்லை. எலக்ட்ரீசியன் எல்லோரிடமும் சொல்கிறார்.

இன்னொன்றும் உண்டு. ரிமோட்டில் ஸ்டார்ட் ஆன காரில் ஏறி உட்கார்ந்தால் ஸ்டீயரிங் பூட்டியே இருக்கும். சாவி போட்டுத் திருகினால்தான் திரும்பும். திருகாமல் பிரேக்கை மிதித்தால் இன்ஜின் நின்றுவிடும். ஆக, எதைத் தவிர்ப்பதற்காக இத்தனையும் செய்தாரோ அந்தச் சாவி திருகலை அந்தக் கார் கையில் இருந்தவரை தவறாமல் செய்துகொண்டுதான் இருந்தார்.

ஹேண்ட் பிரேக்கை நம்பாமல் முதல் கியரில் போட்டு நிறுத்துவது நம் ஊர்ப் பழக்கம். நல்ல பழக்கம்தான். ஆனால் கியரில் நிற்கிற வண்டிக்கு செல்ஃப் கொடுத்தால் அந்த மோட்டார் மட்டுமே வண்டியை இழுத்துப்போகும். லெவல் கிராசிங்கில் பெட்ரோல் கார் நின்றுபோனால் பழைய டிரைவர்கள் இப்படித்தான் நகர்த்தினார்கள். ஆட்டோமேட்டிக் காராக இருந்தால் கியர் ‘பி’யில் இல்லாதவரை ரிமோட்டுக்கு மசியாது. அண்ணனுடையதோ கையால் போடுகிற கியர். “நியூட்ரல்ல நிறுத்துங்ணா, மறந்துறாதீங்ணா” என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினார் எலக்ட்ரீசியன். ஒரு வைகாசி முகூர்த்தத்தில் மண்டப வாசலில் சம்பந்தி வீட்டாருக்குக் காட்டுவதற்காக அண்ணன் அதை மறந்து அழுத்தினார். கார் இரண்டு குதி குதித்து, வாசல் வாழைமரத்தில் ஒன்றைக் குலையோடு சாய்த்துவிட்டு நின்றது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர், “ஆளில்லாமயே வருதுங்களே!” என்று மெய்யாகவே அசந்துபோனார். அண்ணனுக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்தான்.

டீக்கடையில் ஒரு பழைய லாரி டிரைவர் இருக்கிறார். அம்பாசடருக்கு முன்னால் குனிந்து ஹேண்டில் போட்ட தலைமுறை. எதிர் உதை உதைத்தால் கட்டைவிரல் முறியும் என்று, மற்ற விரல்களோடு சேர்த்தே அதையும் வைத்துப் பிடித்தவர். 1912இல் கேடிலாக் காரில் செல்ஃப் மோட்டார் வந்ததே அந்த ஹேண்டிலை ஒழிக்கத்தான். அவர் அண்ணனிடம் மெதுவாகச் சொன்னார்: “தம்பி, மோட்டார் வாகனச் சட்டம் 126ஆம் பிரிவப் படிச்சிருக்கியா? பொது எடத்துல வண்டி நின்னா சீட்டுல லைசென்ஸ் வெச்ச ஆள் இருக்கோணும். இல்லீன்னா இன்ஜினை நிறுத்தி, வண்டி தானா நகராதபடி பிரேக்கப் போட்டிருக்கோணும்.” 1988ஆம் வருஷச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அண்ணன் சிரித்துக்கொண்டே, “நம்மூர்ல யாருங் கேக்கறாங்க” என்றார்.

இந்த ரிமோட் ஸ்டார்ட்டர் பனி ஊருக்கென்று பிறந்த சாமான். டொரொன்டோவில் தை மாசம் மைனஸ் பதினைந்தில் நம் தமிழர்கள் ஜன்னலுக்கு உள்ளே நின்று அழுத்தி, கண்ணாடியில் உறைந்த பனி இளகியபிறகு இறங்குகிறார்கள். நமக்கு அக்னி நட்சத்திரம் இருக்கிறதே, ஏசி ஓடி சில்லென்று இருக்குமே என்பார் அண்ணன். வெயிலில் வெந்த காரின் ஜன்னலை இறக்கிவிட்டு நாலு ஃபர்லாங் ஓட்டினால் போகும் அனல், நின்ற இடத்தில் உறுமும் 796 சிசியின் ஏசிக்குச் சுலபத்தில் போவதில்லை. பெட்ரோல் போகிறது.

இத்தனைக்கும் அவர் வீட்டிலேயே நிஜமான ரிமோட் ஸ்டார்ட்டர் ஒன்று இருக்கிறது. அவர் அப்பா வைத்திருப்பது. கிணற்று மோட்டாருக்கு மூன்று ஃபேஸ் கரண்ட் எந்தச் சாமத்தில் வரும் என்று சொல்ல முடியாத காட்டில், ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் சிம் கார்டு போட்ட ஒரு டப்பா. கட்டிலில் படுத்தபடியே பழைய பட்டன் போனில் ஓர் அழைப்பு, மோட்டார் ஓடும். முன்பு டார்ச் லைட்டும் கைத்தடியுமாகப் பாம்புக்குப் பயந்து வரப்பில் நடந்த நடை நின்றது. சர்க்காரே இதற்கு மானியம் தருகிறது. அப்பா இதை யாருக்கும் காட்டியதில்லை. மகன் மட்டும் ஒருநாள், “இதுல ஏப்பா லைட்டு மினுக்கறதில்ல?” என்று கேட்டார்.

போன வருஷம் காரை விற்கப் போனார். புரோக்கர் டயரைத் தட்டினார், இன்சூரன்ஸ் பார்த்தார், டேஷ்போர்டுக்குக் கீழே குனிந்தார். எழுந்தபோது முகம் மாறியிருந்தது. “வயரிங்ல கை வெச்சிருக்கீங்களேண்ணா.” சீட் கவருக்கு விலை ஒன்றும் ஏறவில்லை, ரிமோட்டுக்குக் குறைந்தது.

புது கார் வாங்க ஷோரூம் போனபோது விற்பனைப் பையன் டாப் மாடலைக் காட்டினான். பட்டன் ஸ்டார்ட், கேமரா, பெரிய திரை எல்லாம் கம்பெனியே போட்டது. அண்ணன் உட்கார்ந்து பார்த்தார், எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்தார், முகம் வாடிப்போய் இறங்கினார்.

“பிடிக்கலீங்களாண்ணா?”

“நல்லாத்தான் இருக்குது. ஆனா நம்ம பண்றதுக்கு இதுல ஒண்ணுமே இல்லியே.”

பேஸ் மாடல் எடுத்தார். பழனியா, ஆஞ்சநேயர் கோயிலா, எங்கே முதல் பூஜை என்று வீட்டம்மா கேட்டுக்கொண்டிருக்கும்போதே, சீட்டில் பிளாஸ்டிக் உறையோடு வண்டி எலக்ட்ரீசியன் கடைப் பக்கம் திரும்பிவிட்டது.