சூரியனைத் திருத்திய பாட்டு

கேள்வி: குழந்தையோடு சேர்ந்து அப்பா அம்மாவும் அலுக்காமல் கேட்க ஓர் ஆல்பம் சொல்லுங்களேன்?

பதில்: 'தே மைட் பி ஜெயன்ட்ஸ்' என்ற அமெரிக்க ராக் குழு 2009-இல் வெளியிட்ட 'ஹியர் கம்ஸ் சயின்ஸ்'. சூரியனைத் தகதகக்கும் வாயுத் திரள் என்கிறது அதில் ஒரு பாட்டு. 1959-இல் வந்த பாட்டின் மறுபதிவு. அடுத்த பாட்டே, அது வாயு இல்லை, பிளாஸ்மா என்று திருத்திவிடுகிறது! பழைய பாட்டைத் தூக்கி எறியாமல், திருத்தத்தைப் பக்கத்திலேயே உட்காரவைத்த நேர்மைக்காகவே வாங்கலாம். பாடப்புத்தகம் திருந்த அடுத்த பதிப்பு வரவேண்டும். இங்கே அடுத்த தாளமே போதும். ஒன்று, ஒரே தடவையோடு விடமாட்டார்கள். பிள்ளைகளைச் சொல்லவில்லை, பெற்றோரைத்தான்!