டிபன் பாக்ஸ் மூடியும் வளிமண்டலமும்: மதிய இடைவேளை குறித்த ஓர் ஆய்வு

காலையில் சூடான ரசம் சாதத்தைப் போட்டு அழுத்தி மூடிய எவர்சில்வர் டப்பா, மதியம் ஒரு மணிக்குத் திறக்க மறுப்பது ஏன்? கட்டிக் கொடுத்தவருக்கு நம்மேல் இருந்த கோபமே காரணம் என்பது எங்கள் அலுவலகத்தில் நிலவும் கொள்கை. இக்கட்டுரையாளரும் அதை நம்பி, பல மாலைகளில் வீடு திரும்பியதும் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அது வீண் என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். (கேட்ட மன்னிப்புகளைத் திரும்பப் பெறும் வழி மட்டும் புலப்படவில்லை.)

குற்றவாளி ரசத்தின் ஆவி. 80 டிகிரிச் சூட்டில் மூடினால், சாதத்துக்கு மேலுள்ள வெற்றிடத்தில் கிட்டத்தட்டப் பாதியை நீராவியே பிடித்துக்கொள்ளும். மதியத்துக்குள் அது ஆறி, மூடியின் அடியில் துளித்துளியாகத் தொங்கும். உள்ளே அழுத்தம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். வெளியிலோ வளிமண்டலம் வழக்கம்போல் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ வீதம் அழுத்திக்கொண்டிருக்கிறது. 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின் பரப்பு 113 சதுர சென்டிமீட்டர். ஆக, மூடிமேல் 56 கிலோ உட்கார்ந்திருக்கிறது. ஓரத்தில் காற்றுக் கசியாத டப்பா ஏது என்று பாதிக்கு மேல் தள்ளுபடி செய்தாலும், 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்று மிஞ்சும். சிப்பத்தையாவது கட்டிப்பிடித்துத் தூக்கலாம். மூடியிலோ நகம் நுழையத்தான் இடம்.

1650களில் மாக்டபர்க் நகர மேயர் ஓட்டோ வான் கெரிக்கே, இரண்டு அரைக்கோளங்களைப் பொருத்தி, உள்ளிருந்த காற்றைப் பம்பால் உறிஞ்சிவிட்டு, இருபுறமும் குதிரைகளைப் பூட்டி இழுக்கவிட்டார். குதிரைகள் திணறின. எங்கள் அலுவலகத்தில் குதிரை கிடையாது. கணக்குப் பிரிவில் ஜிம்முக்குப் போகும் தம்பி ஒருவர் உண்டு. அவர் என் டப்பாவைத் தொடைகளுக்கிடையே இடுக்கிக்கொண்டு பலம் கொண்ட மட்டும் இழுத்தார். மூடி மேலே போயிற்று, எதிர்விசையில் டப்பா கீழே போயிற்று. நிலைமம் காரணமாக ரசம் இரண்டோடும் போகாமல் சட்டைக்குப் போயிற்று.

கெரிக்கேயின் கதையில் எல்லாரும் குதிரைகளையே பார்க்கிறார்கள். காற்றை மறுபடி உள்ளே விட்டதும் கோளம் சும்மா பிரிந்துவிடும் என்பதை வரவேற்பு மேசை அக்கா மட்டுமே அறிந்திருந்தார். "தள்ளு தம்பி" என்று அடுத்த டப்பாவை வாங்கி, மூடிக்கும் விளிம்புக்கும் நடுவே ஸ்பூன் காம்பை அரை சென்டிமீட்டர் செருகினார். 15 சென்டிமீட்டர் ஸ்பூன், விளிம்பே தாங்குபுள்ளி, நெம்புகோல் கணக்குப்படி விரலின் ஒரு கிலோ, நுனியில் 29 கிலோ. சிப்பத்துக்கு அது தாராளம். ஒரு மயிரிழை இடைவெளி விழுந்தது. 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. மூடிமேல் உட்கார்ந்திருந்த எடை எழுந்து போய்விட்டது.

மேற்படி ஸ்பூன் சென்ற வாரம் முதல் சாப்பாட்டு அறையில் காணப்படவில்லை. எடுத்துச் சென்றவர், வளைந்திருந்தாலும் பரவாயில்லை, திங்கட்கிழமை ஒரு மணிக்கு முன் இழுப்பறையில் வைத்துவிடும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்.