பொறி வாராமைப் படலம்: வைகைக்கரை மொபெட்டுகளை முன்வைத்து ஓர் ஆய்வு முன்னுரையின் முற்பகுதி

1. தோற்றுவாய்

மதுரைக்கும் தீக்கும் உள்ள உறவு அறிஞர் அறிந்ததே. கண்ணகி ஊரையே எரித்தாள், பிளக் தேவைப்படவில்லை. சோமசுந்தரக் கடவுள் நெற்றிக்கண்ணைத் திறந்தார். நக்கீரர் வெப்பம் தாளாமல் பொற்றாமரைக் குளத்தில் விழுந்தார். இத்தகைய பரம்பரை உள்ள ஊரில், முனிச்சாலை முக்கில் ஒருவர் தம் பழைய மொபெட்டை ஸ்டாண்டு போட்டு மிதிமிதியென்று பெடலை மிதித்தும் பொறி வாராதது என்னை? இவ்வினாவை இதுவரை ஒருவரும் எழுப்பிற்றிலர். மிதித்தவர் எழுப்பினார், அவர் கையாண்ட சொற்கள் ஆய்வு நடைக்கு ஒவ்வா என விடுக.

2. ஆய்வெல்லை

மதுரையில் 1911இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய நிறுவனத்தின் வழிவந்த குழுமம், 1980இல் ஓசூரிலிருந்து 50 சிசி மொபெட்டை வெளிக்கொணர்ந்தது. அன்றுதொட்டுப் பால் கேனும் வாழைத்தாரும் மல்லிகை மூட்டையும் இந்த ஊர்ச் சமவெளியில் இரு சக்கரத்தில் நகரலாயின. எந்தக் கம்பெனியினதாயினும், பாயிண்ட் வைத்த பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி மட்டுமே இங்கு ஆய்பொருள். வண்டி மேல் குற்றமில்லை. பாட்டன் ஓட்டியதைப் பேரன் ஓட்டினால் எந்த இரும்புக்கும் இளைப்பு வரும்.

படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரும் உள்ளே இதே இனந்தான். ஒலே எவின்ரூட் என்பார் 1909இல் அமெரிக்காவின் மில்வாக்கியிலிருந்து அதை விற்கத் தொடங்கினார். ஆயினும் அது இங்கு விலக்கப்படுகிறது. காரணம் மூன்று. வைகையில் நீர் இல்லை; அழகருக்காக அணையில் திறந்துவிடும் நீர் விருந்தினர் கணக்கில் சேரும். வண்டியூர்த் தெப்பக்குளத்துத் தெப்பத்தை வடம் பிடித்தே இழுக்கிறோம். மூன்றாவது, திருஞானசம்பந்தர் இட்ட ஏடு வைகையில் எதிரேறித் திருவேடகத்தில் நின்றதாகப் பெரியபுராணம் பேசும். மோட்டாரே இன்றி எதிர்நீச்சல் போட்ட மரபு இருக்க, மோட்டாரின் கோளாற்றை ஆராய்தல் மரபுப் பிழை. கடல் உள்ள ஊர்க்காரர் எழுதிக்கொள்வாராக.

3. வகைப்பாடு

பொறி வாராமை ஆறு வகைப்படும். அவையாவன:

அ. பெட்ரோல் இன்மை. இது பொறியின் பாற்படாது. எனினும் பாதிப் பேருக்கு இதுதான்.

ஆ. பெட்ரோல் காக் மூடியிருத்தல். திறக்க.

இ. பிளக் கேப் கழன்றிருத்தல். மாட்டுக.

ஈ. கண்டன்சர் போதல். பாயிண்ட் முகம் கருகிக் குழி விழும். பொறி மஞ்சளாய் மெலியும். மாற்றுக, பழுது பார்ப்பாரில்லை.

உ. பாயிண்ட் இடைவெளி பிறழ்தல். பிளைவீலில் உள்ள காந்தம் காயிலைச் சுற்றிவரும்போது முதற்சுற்றுக் கம்பியில் கரண்டு பிறக்கும். பாயிண்ட் பிரியும் கணத்தில் அது அறுபட, இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழுந்து பிளக் முனையைத் தாண்டும். பாரடே 1831இல் கண்ட தூண்டலும், போஷ் கம்பெனியில் கோட்லோப் ஹோனால்டு 1902இல் ஆக்கிய உயரழுத்த மேக்னெட்டோவும் இதற்கு மூலம். (இச்செய்தி கருத்தரங்கில் கடைசி வரிசையிலிருந்து கேள்வி கேட்பவருக்காக.) பாயிண்டுக்கு 0.4 மி.மீ., பிளக்குக்கு 0.6 மி.மீ. அளவில் இடைவெளி விடுதல் பொது வழக்கு. பீலர் கேஜ் இல்லாதார் கல்யாணப் பத்திரிகையின் மூலையைச் சொருகி அளப்பர். பத்திரிகையின் கனம் பெண்வீட்டார் வசதிக்கேற்ப மாறுதலின் அளவும் மாறும்.

ஊ. பிளக்கில் கரியடைத்தல். இதுவே இவ்வாய்வின் உயிர்நிலை.

4. ஊதற் கோட்பாடு

பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து எரிப்பது டூ ஸ்ட்ரோக்கின் இயல்பு. கலப்பவர் தாராளமாகக் கலந்தால், எரியாத மிச்சம் கரியாகிப் பிளக்கின் இரு முனைகளையும் பாலம் போட்டு இணைக்கும். கரண்டு தாண்ட வேண்டிய இடத்தில் நடந்து போய்விடும். அப்போது செய்யத்தக்கது யாது? மூலநூல் கூறுவது: “பிளக்க கழட்டித் தேச்சு ஊதி மாட்டு” (வாய்மொழி, சிம்மக்கல், முற்பகல்).

எளிய வாக்கியம் என்று எண்ணற்க. வைகை இதனை இரண்டாகப் பிளந்திருக்கிறது. செல்லூர், கோரிப்பாளையம், தல்லாகுளம் அடங்கிய வடகரைப் பள்ளி, உப்புத்தாளால் தேய்த்த பின்னரே ஊதுதல் வேண்டும் என்னும். சிம்மக்கல், கீழவாசல், முனிச்சாலை அடங்கிய தென்கரைப் பள்ளியோ, முதலில் ஊதுக, பின் தேய்க்க, மீண்டும் ஊதுக என்னும். மூலத்தில் ஊதல் ஒன்றே உள்ளதே எனின், முன்னூதல் சொல்லாமலே பெறப்படும் என்பது தென்கரையார் விடை (டீக்கடைப் பெஞ்சு, இடது ஓரம், இரண்டாம் டீ). சொல்லாததைப் பெறுவதாயின் புதுப் பிளக்கையே பெறலாமே என்பது வடகரையார் மறுப்பு (அதே பெஞ்சு, வலது ஓரம், காசு கொடுக்குமுன்). 1889இல் திறந்த ஏ.வி. பாலம் இரு பள்ளிகளையும் இணைக்கும் என எதிர்பார்க்கப்பட்டது. இன்றுவரை நின்றுபோன வண்டிகளை உருட்டிச் செல்லவே அது பயன்படுகிறது.

மூன்றாம் பள்ளி ஒன்றும் உண்டு. “ஊதி” என்றது பிளக்கை அன்று, பீடியை. தேய்த்த களைப்பு நீங்க ஒன்றை ஊதிவிட்டு மாட்டுக என்பதே பொருள் என்பர் இவர். திறந்த பெட்ரோல் டேங்கின் அருகே இக்கொள்கையைச் செயலில் காட்டியதால் இப்பள்ளியில் மாணாக்கர் சேர்க்கை குறைவு.

இனிப் பாடபேதம். ஒர்க்ஷாப் சுவரிலுள்ள தினசரி காலண்டரின் ஆடி மாதத் தாளொன்றில் மூலவாக்கியம் பென்சிலில் எழுதப்பட்டுள்ளது. ஈற்றுச் சொல் கிரீஸ் பட்டு மங்கியதால் அதனை “மாட்டு” என்று ஒரு சாரார் கொள்வர்; “மாத்து” என்று மறுசாரார் கொள்வர்; “பாட்டு” எனக் கொண்டு, பழுது பார்க்கையில் டேப்ரிக்கார்டர் இன்றியமையாதது என நிறுவியவரும் உளர் (காண்க: மேற்படி தாள், பின்புறம், ராகுகாலத்துக்கு நேர்கீழே, ஸ்பேனர் வைத்த வட்டத்துக்குள்; தாள் தற்போது வடை மடித்துக் கொடுக்கப்பட்டுவிட்டதால் வடை வாங்கியவரிடம் காண்க).

பொருத்தம் நோக்கின், உப்புத்தாளின் துகள் சிலிண்டருக்குள் விழாதிருக்கத் தேய்த்தபின் ஊதுதலே தகும். வாயின் ஈரம் படாமல் துணியால் துடைப்பது அதனினும் நன்று. பின் பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் இரும்பு உடல் சிலிண்டர் ஹெட்டைத் தொடும்படி பிடித்துப் பெடலைச் சுற்றினால் நீலப் பொறி தெரிந்துவிடும்; வழக்கு அங்கேயே முடியும். இதனை இங்கு அழுத்திக் கூறாமைக்குக் காரணம், அடுத்த மாதம் இப்பொருளில் இருநாள் பன்னாட்டுக் கருத்தரங்கு இருப்பதே.

5. கால ஆராய்ச்சி

“பத்து நிமிசத்துல முடிச்சிரலாம்ணே” என்ற தொடரைக் காலக்கணக்காகக் கொள்ளலாமா? காலையில் சொன்னது, அந்திப் பூக்கடை விளக்கு ஏற்றியபோதும் செல்லுபடியாகிக் கொண்டிருந்தது. களவியலுரை முச்சங்கங்களுக்கு முறையே 4440, 3700, 1850 ஆண்டுகள் தருகிறது. இவ்வெண்களைக் கேட்டதும் சிரித்து, ஆயிரங்களை வெட்டி நூறுகளாக்கும் பேரறிஞர்கள், “புத்தகம் அச்சில் இருக்கிறது” என்று தாம் பல்லாண்டாகச் சொல்லிவருவதை எந்த அளவையால் அளப்பர்? மெக்கானிக்காவது வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

6. முடிபும் பரிந்துரையும்

பொறி வாராமை பல காரணங்களால் நிகழும் என்பது இவ்வாய்வால் பெறப்பட்டது; இதனை ஆய்வுக்கு முன்னும் யாவரும் அறிந்திருந்தமை முடிபின் உறுதிக்குச் சான்று. முன்னூதல், பின்னூதல், இடையூதல் ஆகியவற்றுக்குத் தனித்தனி முனைவர் பட்ட ஆய்வுகள் தேவை. நெறியாளர் வண்டி ஓட்டத் தெரிந்தவராக இருத்தல் கட்டாயமன்று. ஒவ்வோர் ஆய்வேட்டையும் கெட்டி அட்டை போட்டுப் பொன்னெழுத்தில் பைண்டு செய்து ஐந்து பிரதி கொடுத்தல் வேண்டும். ஒரு பிரதியின் பைண்டிங் கூலிக்குள் புதுப் பிளக் கிடைக்குமே எனக் கேட்பவர் துறைக்குப் புறம்பானவர். அவருக்கு வண்டி ஸ்டார்ட் ஆவது மட்டுமே குறி.