கார் நிறுத்துமிடத்து ராஜாவும் கடைசி இடத்து அணியும்

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்துப் போட்டியில் 20 அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற 19 அணிகளோடு சொந்த ஊரில் ஒரு முறை, வெளியூரில் ஒரு முறை என்று மொத்தம் 38 ஆட்டங்கள் ஆட வேண்டும். வென்றால் 3 புள்ளி, சமன் என்றால் 1, தோற்றால் ஒன்றுமில்லை. மே மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது அடியில் கிடக்கும் 3 அணிகள் அடுத்த பிரிவுக்கு இறக்கப்படும். அந்த இரண்டாம் பிரிவுக்குச் சாம்பியன்ஷிப் என்று பெயர் வைத்திருப்பது ஆங்கிலேயரின் நாசூக்கு. சந்துமுனைச் சாப்பாட்டுக் கடைக்கு ராஜ விலாஸ் என்று பலகை மாட்டுகிறவர்களுக்கு இது புதிதல்ல.

இறக்கம் மானக்கேடு என்பது ஒரு பக்கம், பணக்கேடு என்பது பெரிய பக்கம். 2014-15 பருவத்தில் கடைசி இடத்துக்கு வந்த அணிக்கே தொலைக்காட்சி உரிமை வகையிலும் பிற வகையிலும் ஏறத்தாழ 6.5 கோடி பவுண்டு கிடைத்தது. கீழே போனால் அதில் பெரும்பகுதி போய்விடும். அடியோடு நொடித்துவிடக் கூடாதே என்று இறங்கிய அணிக்குச் சில ஆண்டுகள் லீக் ஒரு தொகை கொடுத்துவரும். அதன் பெயர் பாராசூட் பணம். மாடியிலிருந்து தள்ளிவிடுகிறவரே கையில் ஒரு குடையையும் கொடுத்து அனுப்பும் ஏற்பாடு அது.

இறக்கத்திலிருந்து தப்ப நன்றாக ஆடவேண்டிய கட்டாயம் இல்லை. நம்மைவிட மோசமாக ஆட மூன்று பேர் அகப்பட்டால் போதும். ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பதைச் சட்டமாகவே எழுதிவைத்திருக்கும் விளையாட்டு இது ஒன்றுதான். ஆகவே பிப்ரவரி மாதம் பிறந்ததும் கீழ்வரிசை அணிகளின் ரசிகர்கள் தங்கள் அணி வெல்ல வேண்டும் என்று வேண்டுவதோடு நிற்பதில்லை; முன்பின் பார்த்திராத ஊர்களின் அணிகள் தோற்க வேண்டும் என்றும் மனமுருகி வேண்டுகிறார்கள். பள்ளியில் கணக்கில் தேறாதவர்கள்கூட, ‘இவர்கள் இரண்டு வென்று, அவர்கள் ஒன்று தோற்று, கோல் வித்தியாசம் நாலாகக் குறைந்தால்’ என்று உறை பிரித்து அதன் பின்புறத்தில் கணக்குப் போடுகிறார்கள்.

இந்தக் கணக்கு உச்சத்துக்குப் போன பருவங்களில் ஒன்று, லெஸ்டர் சிட்டி அணியின் 2014-15. லெஸ்டர் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள நடுத்தர ஊர். உருளைக்கிழங்கு வறுவலுக்குப் பேர்போனது. குஜராத்தியர் நிறைந்த பெல்கிரேவ் சாலையில் நடக்கும் தீபாவளி, இந்தியாவுக்கு வெளியே நடப்பவற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. அணிக்கு நரிகள் என்று செல்லப்பெயர். 10 ஆண்டு கீழ்ப் பிரிவுகளில் உழன்றுவிட்டு, 2014-இல் 102 புள்ளிகளோடு சாம்பியன்ஷிப்பை வென்று மேலே ஏறிவந்திருந்தது. அப்போதைய உரிமையாளர் விச்சை ஸ்ரீவத்தனபிரபா தாய்லாந்துக்காரர். விமான நிலையங்களில் தீர்வையில்லாக் கடைகள் நடத்திப் பணம் சேர்த்தவர். பாங்காக்கிலிருந்து புத்த பிக்குகளை அழைத்துவந்து ஆடுகளத்துக்கும் ஆட்டக்காரர்களுக்கும் ஆசி வழங்கச் செய்தவர். ஆசிக்கும் பலனளிக்க அவகாசம் வேண்டும் என்பதை அந்தப் பருவம் காட்டியது.

தொடக்கம் என்னவோ அமர்க்களம். முதல் 5 ஆட்டங்களில் 8 புள்ளி. 2014 செப்டம்பர் 21 அன்று மான்செஸ்டர் யுனைடெட் அணியிடம் 1-3 என்று பின்தங்கியிருந்த லெஸ்டர், கடைசி அரைமணி நேரத்தில் 4 கோல்கள் போட்டு 5-3 என்று வென்றது. அந்த 4 கோல்களில் ஒன்று ஜேமி வார்டி போட்டது. பிரீமியர் லீக்கில் அவருடைய முதல் கோல். சில ஆண்டுகளுக்கு முன்புவரை தொழிற்சாலை வேலையும் உள்ளூர்ப் பந்தாட்டமுமாக இருந்தவர் அவர். ஊர் முழுக்க ஐரோப்பியக் கோப்பைப் பேச்சு.

அதற்குப் பிறகு 13 ஆட்டங்களில் ஒரு வெற்றி இல்லை. 11 தோல்வி, 2 சமன். இந்தப் பகுதியை விரித்துச் சொல்வதால் யாருக்கும் பயனில்லை, லெஸ்டர்க்காரர்களே சொல்வதில்லை. கிறிஸ்துமஸ் வந்தபோது அணி கடைசி இடத்தில் இருந்தது. கிறிஸ்துமஸ் அன்று கடைசி இடத்தில் இருக்கும் அணி தப்பாது என்பது அங்கே நெடுநாள் நம்பிக்கை. அதை அதுவரை உடைத்தவை இரண்டே அணிகள்: 2004-05இல் வெஸ்ட் பிராம், 2013-14இல் சண்டர்லேண்ட். மொத்தத்தில் லெஸ்டர் அந்தப் பருவத்தில் 140 நாள் அட்டவணையின் அடியில் குடியிருந்தது. வாடகை ஒப்பந்தமே போட்டிருக்கலாம்.

அணி தோற்கத் தோற்க மேலாளர் நைஜல் பியர்சன் செய்திகளில் இடம்பிடித்தார். டிசம்பரில் லிவர்பூலிடம் தோற்ற ஆட்டத்தில், தன்னை வசைபாடிய சொந்த அணி ரசிகர் ஒருவரிடம், எங்கேயாவது போய்ச் சாகும்படி அச்சில் ஏற்ற முடியாத சொல்லோடு கேட்டுக்கொண்டார். கால்பந்துச் சங்கம் 10,000 பவுண்டு அபராதமும் ஓர் ஆட்டத் தடையும் விதித்தது. பிப்ரவரி 7 அன்று கிரிஸ்டல் பேலஸ் அணியின் ஜேம்ஸ் மெக்கார்தர் ஓடிவந்து எல்லைக்கோட்டில் நின்ற பியர்சன் மேல் மோதி விழுந்தார். எழுந்திருக்க உதவுவதற்குப் பதில் பியர்சனின் கை அவருடைய கழுத்துக்குப் போயிற்று. விளையாட்டுக்குத்தான் என்பது பியர்சன் தரப்பு. மறுநாள் மாலை அவர் நீக்கப்பட்டார் என்று செய்தி பரவியது. அன்றிரவே நீக்கப்படவில்லை என்று கிளப் அறிவித்தது. ஒரே நாளில் வேலை போய், அதே நாளில் வேலை வந்தவர் என்ற பெருமை அவருக்குச் சேர்ந்தது.

மார்ச் 21 அன்று டாட்டனம் அணியிடம் 3-4 என்று தோற்றபோது நிலவரம் இது: 29 ஆட்டம், 19 புள்ளி, கடைசி இடம். பாதுகாப்பான இடத்துக்கு 7 புள்ளி தூரம். மீதி 9 ஆட்டம். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்கிற கட்டம்.

இந்த இடத்தில் கதைக்குள் ஒரு பிணம் வருகிறது. 1485-இல் பாஸ்வர்த் போரில் கொல்லப்பட்ட மூன்றாம் ரிச்சர்டு மன்னரின் உடல் லெஸ்டரில் ஒரு மடத்துத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. பிறகு மடம் இடிந்தது, இடம் மறந்தது. 2012-இல் நகராட்சியின் கார் நிறுத்துமிடம் ஒன்றைத் தோண்டியபோது எலும்புக்கூடு கிடைத்தது. எலும்புக்கூட்டுக்கு அருகில் தரையில் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்து எழுதியிருந்தது. முன்பதிவு செய்த இடம் என்பதற்காகப் போட்ட எழுத்து. மன்னரின் பெயருக்கு முதலெழுத்தும் அதுவே. மரபணுச் சோதனைகள், ஊருக்கு ஊர் உரிமை வழக்கு எல்லாம் முடிந்து, 2015 மார்ச் 26 அன்று லெஸ்டர் தேவாலயத்தில் அவரை முறைப்படி அடக்கம் செய்தார்கள்.

லெஸ்டர் அடுத்து ஆடியது ஏப்ரல் 4 அன்று. வெஸ்ட் ஹாம் அணியை 2-1 என்று வென்றது. வெற்றி கோல் 86-ஆவது நிமிடத்தில். அடுத்து வெஸ்ட் பிராம், 3-2. கடைசி கோல் 90 நிமிடம் தாண்டி வார்டி போட்டது. ஸ்வான்சி, 2-0. பிறகு பர்ன்லி. அங்கே பர்ன்லி ஆட்டக்காரர் அடித்த பெனால்டி கம்பத்தில் பட்டுத் திரும்ப, ஒரு நிமிடத்துக்குள் வார்டி மறுபக்கத்தில் கோல் போட்டார், 1-0. தொடர்ந்து நான்கு வெற்றி. பல நூற்றாண்டுகள் கல்லறை இருந்த இடமே தெரியாமல் கிடந்த ராஜாவின் ஆவி சாந்தியடைந்ததன் பலன் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று சொல்ல விஞ்ஞானிகள் உண்டு. ஆனால் காக்காய் முடிசூடிய காக்காய் என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

வேறு காரணங்களும் உண்டு, சுவை குறைந்தவை. பியர்சன் தற்காப்பில் மூன்று பேரை நிறுத்தி, இரு ஓரங்களிலும் ஓடி ஆடுகிறவர்களை வைத்து முறையை மாற்றினார். பிப்ரவரித் தொடக்கத்தில் ஸ்டோக் அணியிலிருந்து ராபர்ட் ஹூத் இரவலாக வந்து தற்காப்பின் நடுவே மதில்போல் நின்றார். இன்டர் மிலானோடு ஐரோப்பியக் கோப்பை வென்ற எஸ்தெபான் காம்பியாசோ, 34 வயதில், நடுக்களத்தில் நிதானமாக நடந்தே ஆட்டத்தை நடத்தினார். அரங்கில் இருக்கைதோறும் மடித்த அட்டை ஒன்றைக் கிளப் வைத்தது; அதைத் தட்டித்தட்டி ரசிகர்கள் எழுப்பிய ஓசையில் எதிரணி குழம்பியதா என்பது வேறு விஷயம், பக்கத்து இருக்கைக்காரர்கள் குழம்பினார்கள்.

ஏப்ரல் 29 அன்று செல்சியிடம் 1-3 என்று ஒரு தோல்வி. அன்று கேள்வி கேட்ட நிருபரிடம், மணலில் தலையைப் புதைத்துக்கொள்ளும் நெருப்புக்கோழியா நீர் என்று பியர்சன் கேட்டார். மறுநாள் நிருபரிடம் மன்னிப்பும் கேட்டார். நெருப்புக்கோழிகள் உண்மையில் மணலில் தலையைப் புதைப்பதில்லை; அவற்றிடம் இன்றுவரை யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

நியூகாசில் 3-0, சவுத்தாம்டன் 2-0. மே 16 அன்று சண்டர்லேண்டோடு கோல் எதுவுமின்றிச் சமன் ஆனதும் லெஸ்டர் தப்பியது உறுதியாயிற்று. ஒரு கோல்கூட விழாத ஆட்டம் முடிந்து பெரிய ஆட்கள் கட்டிப்பிடித்து அழுவதைக் கால்பந்து தெரியாதவர்களுக்கு விளக்குவது கடினம். கடைசி நாளில், ஏற்கெனவே இறங்கிவிட்டிருந்த குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸை 5-1 என்று அடித்து, கடைசி 9 ஆட்டங்களில் 7-ஆவது வெற்றியோடு லெஸ்டர் பருவத்தை முடித்தது. 41 புள்ளி, 14-ஆம் இடம். 20 பேர் வகுப்பில் 14-ஆவது ரேங்க் வாங்கிய பிள்ளையை வீட்டில் எப்படி வரவேற்பார்கள் என்பது தெரிந்ததே. லெஸ்டரில் ஊரே கொண்டாடியது. ஹல், பர்ன்லி, குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் மூன்றும் பாராசூட் பணத்தோடு கீழே குதித்தன.

பருவம் முடிந்து 37 நாள் கழித்து, ஜூன் 30 அன்று, பியர்சன் நீக்கப்பட்டார். இம்முறை இரவு வரை காத்திருந்தும் மறுப்பு வரவில்லை. அவருக்குப் பின் வந்த கிளாவுதியோ ரனியேரியின் கீழ் லெஸ்டர் கோப்பை வெல்லும் என்று பந்தயம் கட்ட 1-க்கு 5,000 தருவதாகப் பந்தயக் கடைகள் சொல்லின. 2016 மே 2 அன்று லெஸ்டர் இங்கிலாந்தின் சாம்பியன் ஆனது. கடைகள் முனகிக்கொண்டே பணத்தை எண்ணி வைத்தன.

ஏழு ஆண்டு கழித்து, 2023 மே மாதம், லெஸ்டர் மறுபடியும் அதே விளிம்பில் நின்றது. கடைசி நாளில் வெஸ்ட் ஹாமை 2-1 என்று வென்றும், எவர்டன் போர்ன்மவுத்தை 1-0 என்று வென்றுவிட்டதால், 34 புள்ளியோடு கீழே இறங்கியது. அந்த ஆண்டு ஊரின் கார் நிறுத்துமிடங்களில் புதிதாக மன்னர் யாரும் கிடைக்கவில்லை.