தனி அலுவலர் ஐயா, எப்போது வருகிறீர்கள்?

பெறுநர்: உயர்திரு தனி அலுவலர் அவர்கள்
(பெயர் தெரியவில்லை. அடிக்கடி மாற்றலாகிப் போனதால் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.)

ஐயா,

2022 மார்ச்சில் நீங்கள் கிளம்பிப் போனதிலிருந்து எங்கள் ஊரில் ஒரே சத்தம். நகர்மன்றம் என்கிறார்கள், கூட்டம் என்கிறார்கள், எழுந்து நின்று சாக்கடையைப் பற்றிக் கேள்வி கேட்கிறார்கள். 2016 அக்டோபர் முதல் ஐந்து ஆண்டுக்கும் மேலாக, தேர்தலும் மன்றமும் இல்லாமல், நீங்கள் கட்டிக் காத்த அந்த அமைதி போயே போய்விட்டது.

எந்த ஊர் என்று சொல்லவில்லையே என்பீர்கள். 2024 ஆகஸ்டில் மாநகராட்சியாகப் பதவி உயர்வு பெற்றவை புதுக்கோட்டை, திருவண்ணாமலை, நாமக்கல், காரைக்குடி. அவற்றில் ஒன்றாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். குடிநீர் இணைப்பு என் பெயரில் இருக்கிறது ஐயா, இதற்கு மேல் கேட்காதீர்கள்.

உங்களிடம் எனக்கு மிகவும் பிடித்தது அந்த இரண்டு ரப்பர் ஸ்டாம்புகள்தான். நகராட்சிகளில் ஆணையாளரையே தனி அலுவலராகவும் போட்டிருந்தார்கள் அல்லவா? ஒரு சாலை போட வேண்டும் என்றால் ஆணையாளர் குறிப்பு எழுதுவார்: "மன்றத்தின் அனுமதி வேண்டப்படுகிறது." மன்றம்தான் கிடையாதே! அதன் அதிகாரம் முழுக்கத் தனி அலுவலர் கையில். ஆகவே அதே மேசை, அதே பேனா, அதே மைப்பெட்டி. 'ஆணையாளர்' என்று ஒரு குத்து. அதைக் கீழே வைத்துவிட்டு மற்றதை எடுத்து, "அனுமதிக்கப்படுகிறது, தனி அலுவலர்" என்று இன்னொரு குத்து. கேட்டவரும் கொடுத்தவரும் இத்தனை மனமொத்து வாழ்ந்ததை நான் எந்தத் தம்பதியிடமும் பார்த்ததில்லை. ஆணையாளரின் கோரிக்கையைத் தனி அலுவலர் ஒரு தடவையாவது திருப்பி அனுப்பியதாகக் கேள்விப்பட்டதும் இல்லை.

நீங்கள் வந்த விதமும் அழகு. 2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் வாக்குப்பதிவு என்று அறிவித்து, வேட்புமனுவெல்லாம் வாங்கி முடித்த பிறகு, அதே மாதம் 4ஆம் தேதி உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. பழங்குடியினர் இட ஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்று வழக்கு. சில மாதம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று உங்களை உட்கார வைத்தார்கள். அப்புறம் ஆறு மாத நீட்டிப்பு, அதற்கு மேல் ஆறு மாதம். பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தலை நடத்தி முடித்துவிட வேண்டும் என்று 1993 முதல் அரசியல் சட்டமே சொல்கிறது. சொன்னால் என்ன, நீங்கள் அந்தச் சட்டத்துக்கு மூத்தவர். சென்னை மாநகராட்சி 1973இல் கலைக்கப்பட்டது, அடுத்த தேர்தல் 1996இல். உங்கள் வம்சம் 23 ஆண்டு ஆண்ட ஊர் அது! எங்களிடம் ஐந்து ஆண்டு சொச்சம் இருந்ததற்கே, தேர்தல் நடத்தாத குற்றத்துக்காக மத்திய நிதிக்குழு மானியத்தை டெல்லி நிறுத்தி வைத்தது. பணத்துக்கு உங்கள் அருமை தெரியாது, விடுங்கள்.

உள்ளூர் நிருபர்கள்தான் உங்கள் காலத்தில் காய்ந்து போனார்கள். பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தைத் திறந்தால் "ஆட்சியர் நேரில் ஆய்வு", அடுத்த நாள் "ஆட்சியர் திடீர் ஆய்வு", அவ்வளவுதான். புகைப்படத்தில் எல்லாரும் ஒரே திசையில் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். கேபிள் சேனலில் அதே படம் நகரும், அடியில் நகைக்கடை விளம்பரம் ஓடும். ஊரில் என்ன டெண்டர், யாருக்கு என்பதை டீக்கடையில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டோம். டீக்கடைக்காரர் மச்சான் கான்ட்ராக்டர், அதனால் செய்தி நம்பகமாகவே இருந்தது.

இப்போது நிலைமை தலைகீழ். அண்மையில் ஒரு கூட்டத்தைப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். "பொருள் எண் ஒன்று முதல்..." என்று அலுவலர் வாசிக்கத் தொடங்க, கடைசி எண்ணை அவர் சொல்வதற்குள் "பாஸ், பாஸ்" என்று மேசை தட்டிவிட்டார்கள். எதிர்வரிசையிலிருந்து நான்கு பேர் அஜெண்டாவைக் கிழித்துவிட்டு வெளிநடப்பு. வாசலில் ஒரு நிருபர் தம்பி ஓடிவந்தார்: "அண்ணே, போன் ஹேங் ஆயிடுச்சு, இன்னொரு தடவை வெளிநடப்பு பண்ணுங்க." நால்வரும் மறுப்பேதும் சொல்லாமல் உள்ளே போய், தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு, முன்னிலும் ஆவேசமாக வெளியே வந்தார்கள். மிக்சர் பொட்டலமும் காபியும் அவர்களுக்கு வாசலுக்கே வந்தன. மறுநாள் செய்தி: "மன்றக் கூட்டத்தில் காரசார விவாதம்." எதைப் பற்றி விவாதம் என்று கடைசி வரி வரை தேடினேன். இல்லை.

சொத்து வரி விஷயத்தில் மட்டும் உங்களை மறக்கவே முடியாது. 2018இல் ஏற்றினீர்கள், 2019 நவம்பரில் நிறுத்தி வைத்தீர்கள், இரண்டுக்கும் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேர்மையான முறை. 2022இல் தேர்ந்தெடுத்த மன்றம் வந்தது. மார்ச் 4இல் தலைவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, வீடுகளுக்கு 25 முதல் 100 சதவீதம் வரை உயர்வு என்று கோட்டையிலிருந்து அறிவிப்பு வந்தது. மன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். முன்பு உங்கள் ஸ்டாம்ப் குத்திய இடத்தில் இப்போது கைகள் உயர்கின்றன. செலவு என்று பார்த்தால் ஸ்டாம்ப் மலிவு.

இன்னொன்று. மன்றத்தில் பாதி இடம் பெண்களுக்கு. நல்லதுதான். ஆனால் தெருவிளக்கு எரியவில்லை என்று கவுன்சிலருக்குப் போன் செய்தால் "மேடம் சமையல்ல இருக்காங்க, நான் கவுன்சிலர்தான் பேசறேன், சொல்லுங்க" என்கிறார் வீட்டுக்காரர். உங்கள் காலத்தில் உங்கள் துணைவியார் எங்கள் போனை எடுத்து "நான்தான் தனி அலுவலர்" என்று ஒருநாளும் சொன்னதில்லை. போனை நீங்களும் எடுத்ததில்லை, அது வேறு.

நகரங்களில் பகுதி சபை என்று 2022 நவம்பர் 1 முதல் ஒன்று தொடங்கினார்கள். எங்கள் வார்டில் அது நடந்ததை மறுநாள் முகநூலில் கவுன்சிலரின் சால்வைப் படத்தைப் பார்த்துத்தான் அறிந்தோம். பக்கத்துக் கிராமங்களில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை, நூறு நாள் வேலை எல்லாம் இருந்தது. மாநகராட்சி எல்லையை விரிக்கிறோம் என்றதும், அவை போய்விடும் என்று அந்த ஜனங்கள் "எங்களைச் சேர்க்காதே" என்று சாலையில் உட்கார்ந்தார்கள். எங்களைப் பார்த்த பிறகு வேறென்ன செய்வார்கள்? ஆனால் 28 மாவட்டக் கிராமங்களில் ஊராட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தது, தேர்தலுக்கு முன்பாக அங்கேயும் நீங்களே வந்து இறங்கிவிட்டீர்கள். எங்கும் நிறைந்தவர் ஐயா நீங்கள்.

எங்கள் மன்றத்துக்கு 2027 மார்ச்சோடு ஐந்தாண்டு. வார்டு மறுவரையறை, இட ஒதுக்கீடு, யாராவது ஒரு வழக்கு, ஏதாவது ஒன்று உங்களுக்கு வழிவிடும் என்று எல்லாக் கட்சிக்காரர்களும் நம்பிக்கையோடு இருக்கிறார்கள். டெபாசிட் கட்டுவதைவிட அது அவர்களுக்கும் வசதி.

வருவதாக இருந்தால் முன்கூட்டியே தகவல் கொடுங்கள். பேருந்து நிலையத்து ஃபிளெக்ஸ்காரர் உங்கள் போட்டோ ஒன்று கேட்கிறார். ஃபைல் சைஸ் பெரிதாக இருக்கட்டும், கைகூப்பிச் சிரித்தபடி இருந்தால் நல்லது. "வருக வருக" என்பதை இப்போதே டிசைன் செய்து வைத்துவிட்டார். பெயர் போடும் இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறார்.

இப்படிக்கு,
வரி பாக்கி இல்லாத ஒரு குடிமகன்